ஒரே சட்டையில் ஓர் அசனம்

சபையாருக்கு அறிவிப்பு: நம் கோயில் அசனத்தில் கறிக்குழம்பு வாளி தூக்கும் மகத்தான ஊழியம் இவ்வாண்டு முதல் அடியேனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம். நீ வாயைத் திறக்காதே மக்கா. உனக்கு நிறையத் தெரியும்.

எத்தனை தடவை சோப்பு போட்டும் கையை விட்டு மசாலா மணம் போகவில்லை. அசனத்தன்று உன் கையில் மணக்கும் அதே மணம். அதுதான் என்னை எழுத உட்காரவைத்தது.

போன வருட அசனம் நினைவிருக்கிறதா? முதல் பந்தியில் வெள்ளைச் சட்டையோடு சாப்பிட்டவன், வீட்டுக்கு ஓடி நீலச் சட்டை மாட்டிக்கொண்டு அடுத்த பந்தியிலும் இலை போட்டேன். ஊரே பந்தலில் கூடி உண்ணும் விருந்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்? நீ கவனித்தாய். வாளியோடு என் முன்னால் குனிந்தாய்.

“எலே, சட்டைதான் மாறியிருக்கு. வாய் அதே வாயில்லா?”

“கத்தாதலே. நல்ல துண்டாப் பாத்துப் போடு. நீ எப்பம் திங்கப்போறே?”

“எனக்கு வீட்டுல உப்பில்லாத கஞ்சி இருக்கு. இதுல ஒரு சொட்டு நாக்குல படக்கூடாது.”

உன் சிறுநீரகம் பழுதானதும், டயாலிசிஸுக்கு நாகர்கோவில் போய்வருவதும் எனக்குத் தெரியாததா? ஆனால் காலையிலிருந்து நீ இலை இலையாக விளம்பிக்கொண்டிருந்த குழம்பில் உனக்குப் பங்கே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“பின்ன எதுக்குலே இந்த வாளியத் தூக்கிட்டு அலையுதே? பசிக்கல்லியா?”

“பசிக்காம? பசிக்குது மக்கா. ஆனா சந்தோசமாப் பசிக்குது.”

சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு துண்டு போட்டாய்.

கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் ‘மனந்திரும்பியவர்கள் கை தூக்குங்கள்’ என்னும்போதெல்லாம், பின்வரிசை சிரிக்கவேண்டும் என்பதற்காக இரண்டு கையையும் தூக்கியவன் நான். தன்னையே அப்பமாகப் பிட்டுக் கொடுத்தவரைப் பற்றிய பிரசங்கங்களை அரைத்தூக்கத்தில் கேட்டவன். அவர் யாரென்று அன்றைக்கு ஒரு குழம்பு வாளிக்குப் பின்னால் தெரிந்துவிட்டது. இலையை மடித்துவிட்டு எழுந்து உன் வாளியை வாங்கினேன்.

“நான் மாறிட்டேன்லே,” என்றேன்.

“அடுத்த அசனம் வரைக்கும் தாங்குமா?” என்று சிரித்தாய்.

தாங்குகிறதா என்று பார்க்க நீ இருக்கவில்லை. மழைக்காலம் முடியுமுன் போய்விட்டாய். ஆகையால் விடைத்தாளை நானே திருத்திக்கொள்கிறேன். இந்த வருடக் கன்வென்ஷனில் கை தூக்கவில்லை. கண்ணை மூடி நிஜமாகவே ஜெபித்தேன். பின்வரிசைக்குப் பெருத்த ஏமாற்றம். அசனத்தில் ஒரே சட்டை. எல்லாப் பந்திக்கும் விளம்பிவிட்டுக் கடைசியில்தான் உட்கார்ந்தேன். நூற்றுக்கு நூறு!

சரி, தொண்ணூறு. விளம்பும்போதே நல்லியெலும்பு ஒன்றை எனக்காக ஒரு கிண்ணத்தில் ஒளித்துவைத்திருந்தேன். அதை இலையில் கவிழ்க்கப்போன நேரம் பார்த்து உன் அப்பா வந்தார். நீ போன பிறகு கோயில் பக்கமே வராதவர். அண்டா காலி. பக்கத்தில் உட்கார்ந்து தன் இலையில் கிடந்த வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை அவர் இலையில் கவிழ்த்தேன்.

“இது எங்க கெடந்துது மக்கா?”

“அண்டாவுக்கு அடியில, மாமா.”

பொய் வேறு, ஆக எண்பது. அதோடும் முடியவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்தபோது எனக்குப் பசித்தது. உன்னைப் போலச் சந்தோஷமாக அல்ல, நல்ல எரிச்சலாக. உன் அப்பா அந்த எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சும் சத்தம் கேட்ட பிறகுதான், மெல்ல, சந்தோஷம் வந்தது.

தாங்கும் போலிருக்கிறது மக்கா.