அடங்கிப்போன வலி

12 நவம்பர் 1998, தொம்மலூர்

ஒன்பதாம் மாதம். மாலையில் இடுப்பு வலித்தது. அவர் நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டேன். நான் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அம்மா இங்கே வந்ததே இல்லை.

"சீரகத்தை வறுத்துக் கஷாயம் வெச்சுக் குடிடி. சூட்டு வலின்னா அடங்கிடும். அடங்கலன்னா பிரசவ வலி. உடனே போன் பண்ணு. அப்பா என்ன சொன்னாலும் கெளம்பி வந்துடறேன்."

முதலில் வறுத்தது கருகிவிட்டது. திரும்ப வறுத்து, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தேன். சுவரில் சாய்ந்து, வலி கூடட்டும் என்று காத்திருந்தேன்.

சுத்தமாக அடங்கிவிட்டது. பாழாய்ப்போன சீரகம்.

மிச்சக் கஷாயத்தைக் கொட்டிவிட்டேன். மறுபடி வலித்தால் குடிக்கமாட்டேன். குடித்தும் அடங்கவில்லை என்றுதான் அம்மாவிடம் சொல்வேன்.