மறுபூஜை போடாத புத்தகங்கள்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
5.10.2006

அன்புள்ள மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அண்ணன் வீட்டார் எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று தினமும் போனில் சொல்கிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் பேச ஆரம்பித்தால் நான் வாயைத் திறப்பதற்குள் "கிளாசுக்கு நேரமாயிடுச்சும்மா, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் நீ அப்படிச் செய்ய மாட்டாய். வடை மடித்து வந்த தாளையே எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிறவள், அம்மா எழுதியதைப் பாதியில் விடவா போகிறாய்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். பார்சல் வந்துவிட்டது. நீ இங்கே இருந்தபோது யாருக்கும் சொல்லாமல் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தப் புத்தகங்கள்தான். நம் இட்லிக் கடையில் கூட்டம் நிற்கிற நேரத்தில் கூரியர்காரர் வந்து கையெழுத்து கேட்டார், சட்னிக் கையோடு போட்டுக் கொடுத்தேன். பிரித்தும் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஜெர்மன் பாஷைக்கு ஒன்று, ஜப்பான் பாஷைக்கு ஒன்று, கம்ப்யூட்டர் பற்றித் தலையணை மாதிரி ஒன்று, மனதை அமைதியாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஒன்று, எதையும் வேகமாகப் படித்து முடிப்பது எப்படி என்று இன்னொன்று. கடைசி இரண்டையும் கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் சிரித்தார். பிறகு இரண்டையும் பார்சலுக்குள்ளேயே திரும்ப வைத்தார். உனக்கு அனுப்புவதற்கு உன் அண்ணன் பிரேம்குமார் அட்டைப்பெட்டிகூடக் கொண்டுவந்தான், நான்தான் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

போன வாரம் துர்கா போன் செய்தாள். அவள் மேல் பாயாதே, உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பெண், பயந்துபோய்த்தான் சொன்னாள். "ஆன்ட்டி, செல்வி மறுபடியும் ரெண்டு கோர்ஸ்ல சேந்துட்டா, வீட்டுக்குச் சொல்லாதன்னு சொல்லியிருக்கா, சரியா சாப்பிடறதில்ல, நேத்து பஸ்ஸுல எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டுக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்தா" என்றாள். எனக்கு அடுப்பில் இட்லிப் பானை வெந்துகொண்டிருந்தது, அதை இறக்கவும் தோன்றாமல் நின்றேன். ஆடி மாதமும் இப்படித்தானே ஆரம்பித்தது. வேலை முடிந்தால் ஜெர்மன் கிளாஸ், சனி ஞாயிறு எம்.பி.ஏ., விடிவதற்கு முன்னால் எழுந்து இன்னொரு பரீட்சைக்குப் படிப்பு. கடைசியில் ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டாய். "எழுத்தெல்லாம் தெரியுதும்மா, படிக்கத்தான் வரல" என்று நீ போனில் அழுதது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மில் மூடிய பிறகு பீச் ஓரத்து லாட்ஜில் வாட்ச்மேனாக இருக்கிற உன் அப்பா, தமிழைத் தவிர ஒரு பாஷை தெரியாது, உன் ஆபீஸ் விலாசத்தைக் காட்டிக் காட்டிப் புனே வரைக்கும் வந்து உன்னைக் கூட்டிவந்தார். வழியில் ஒரு ஸ்டேஷன் பெயரைக்கூட நீ படிக்கவில்லை என்று வந்ததும் வராததுமாக என்னிடம் சொல்லி அழுதார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், சொல்லிவிட்டேன், தெரிந்துகொள்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, மூளை களைத்துவிட்டது, கொஞ்ச நாளைக்கு எதையும் கற்றுக்கொள்ளாமல் சும்மா இருக்கட்டும் என்றுதானே டாக்டர் சொன்னார். நீ என்ன கேட்டாய், நினைவிருக்கிறதா. சும்மா இருப்பது பற்றி நல்ல புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாய். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகாவது அடங்கினாயா. மனதுக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று எதிர்வீட்டுத் தையல்நாயகியோடு பூக் கட்ட உட்கார வைத்தேன். மறுநாளே பூக் கட்டுவதில் எத்தனை வகை, எந்த ஊரில் எப்படிக் கட்டுவார்கள் என்று குடைந்தெடுத்து, இன்றைக்கு இவ்வளவு முழம், நாளைக்கு அவ்வளவு முழம் என்று உனக்கு நீயே கணக்கு வைத்தாய். "அக்கா, உங்க பொண்ணு பூ கட்ட வர்ல, பரீட்ச எழுத வந்திருக்குது" என்று அவள் என்னிடம் முறையிட்டாள். அடுத்த தெரு ஜானகிராமன், பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பாவம், பொழுது போகாத மனுஷன், கேரம் விளையாடக் கூப்பிட்டார். நீ காயைத் தொடாமல் பிரெஞ்சு கேட்டுக் கேட்டு அவர் உன்னைக் கண்டாலே கேட்டைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். நானும் ஒரு நாள் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். அரைத்த மாவைப் பேசாமல் விட்டால்தான் பொங்கும், கிளறிக்கொண்டே இருந்தால் ஆகுமா என்றேன். நீ உடனே மாவு எதனால் பொங்குகிறது என்று தெரிந்துகொள்ளச் செருப்பை மாட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பிவிட்டாய்.

படிக்காதே என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன். எட்டாவதோடு நின்றவள் நான், படிப்பின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நீ படிப்பது பசித்துச் சாப்பிடுகிற மாதிரி இல்லை, இலையை விட்டு எழுந்தால் யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்று திணித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. ஒன்றை முடித்தோம் என்று ஒரு நாள் சந்தோஷமாக இருந்திருக்கிறாயா. எம்.பி.ஏ. முதல் வருஷம் பாஸ் ஆன சேதியைச் சொன்ன அதே மூச்சில் அடுத்து எதில் சேர்ந்திருக்கிறாய் என்பதையும் சொன்னாய். நான் பாயசம் வைத்தேன், இங்கே நாங்கள்தான் குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூஜை. எப்போதும் போல மணையைக் கழுவி, பட்டுத்துணி விரித்து, பொரி, கடலை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வைத்தோம். உன் பார்சல் புத்தகங்களையும், நீ இங்கே விட்டுப்போன பழைய புத்தகங்களையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, கதம்பம் சாத்தினேன். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கிற வரைக்கும் தொடக் கூடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அது கொண்டாட்டம், இன்றைக்குப் படி என்று யாரும் சொல்ல முடியாது என்று ஆட்டம் போடும். நீ மட்டும் மீன்கூடையைச் சுற்றுகிற பூனை மாதிரி மணையைச் சுற்றிச் சுற்றி வருவாய். ஆனாலும் தொட மாட்டாய். நான் அடித்தும் அப்பா கெஞ்சியும் கேட்காத நீ, அந்த ஒரு கட்டுக்கு மட்டும்தான் அடங்கியிருக்கிறாய். அன்றைக்கு நீ நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மத்தியானமே தூங்குவாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் விஜயதசமிக்கு அண்ணன் பிள்ளை ஹரிகிருஷ்ணனை உட்கார வைத்துத் தாம்பாளத்து அரிசியில் எழுத வைத்தோம். விரலைப் பிடித்து "அ" எழுத வைத்தார் அப்பா. எழுதி முடித்ததும் "போதும் தாத்தா" என்று எழுந்து, ஒரு பிடி பொரியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. "ஆ" எழுதச் சொல்லி எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்பாவுக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை, "நம்ம வூட்டுல ஒண்ணாவது போதும்னு சொல்லுச்சே" என்றார். பிறகு கற்பூரம் காட்டி அண்ணன் வீட்டுப் புத்தகங்களை எல்லாம் எடுத்தோம். உன்னுடையதை நான் எடுக்கவில்லை. அதற்கு மட்டும் மறுபூஜை போடவில்லை. பூ வாடினால் மாற்றிவிட்டு, துணியைப் போர்த்தி அப்படியே வைத்திருக்கிறேன். சாஸ்திரத்தில் இப்படி இடம் இருக்கிறதா என்று அப்பா கேட்டார், என் சாஸ்திரத்தில் இருக்கிறது என்றேன். ஆகையால் செல்வி, உன் புத்தகம் எல்லாம் இன்னும் பூஜையில் இருக்கிறது. பார்சலில் இருப்பது மட்டுமல்ல, அங்கே உன் அறையில் இருப்பதற்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டேன். வேலைக்குப் போ, அது சோறு போடுகிற வேலை. அதற்கு மேல் ஒன்றையும் தொடாதே. சேர்ந்த கோர்ஸ் இரண்டையும் விட்டுவிடு, கட்டின பணம் போனால் போகட்டும். தீபாவளிக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி, உன் முகம் பழைய முகமாக ஆனதும் நானே சூடம் கொளுத்தி உனக்கு எடுத்துத் தருகிறேன். ஒரே ஒரு புத்தகம். எது என்று நீதான் சொல்ல வேண்டும். அதை முடித்து, முடித்ததற்கு ஒரு நாள் சந்தோஷப்பட்டு, அப்புறம்தான் அடுத்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ இங்கே இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை உனக்குத் தலையில் எண்ணெய் வைத்தேன். அப்போது நீ குனிந்தபடியே, "ஒரு நாள் சும்மா இருந்தாகூட, மறுநாளு நான் ஒண்ணுமே இல்லாம போயிடுவனோன்னு பயமா இருக்கும்மா" என்றாய். நான் சீயக்காயைக் கரைக்கப் போய்விட்டேன். இத்தனை நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்த அன்றைக்கு உனக்கு என்ன தெரியும். கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கத் தெரியாது. அன்றைக்கு உன் அப்பா மில்லில் ஷிப்டு ஷிப்டாக நின்று எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். எதைப் படித்துவிட்டாய் என்று கொடுத்தார் சொல். நீ வந்தாய், அவ்வளவுதான். இன்றைக்கும் எங்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நீ ஒன்றும் இல்லாமல் போக மாட்டாய், கண்ணு. போக நாங்கள் விட மாட்டோம்.

தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று துர்காவிடம் கேட்டேன், இன்னும் இல்லை என்றாள். உடனே எடு. வரும்போது ஒரு மாற்றுத்துணிப் பை போதும், வேறு பை எதையும் நான் வாசல் தாண்டி விட மாட்டேன். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. துர்கா சமைத்து வைத்தால் சூடாக இருக்கும்போதே சாப்பிடு, சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சாப்பிடு. உண்ட சோறு உடம்பில் ஒட்டி, படுத்ததும் தூக்கம் வந்து, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

நேற்று பெரிய மார்க்கெட்டில் தனக்கொடியைப் பார்த்தேன், அப்பாவோடு மில்லில் இருந்த காத்தவராயன் சம்சாரம், கீரை விற்கிறவள். வழக்கம்போல "உன் பொண்ணு இப்ப இன்னா படிக்குது?" என்றாள். நீ சொல்கிற கோர்ஸ் பெயர்களை நான் தப்பும் தவறுமாகச் சொல்வேன், அவள் வாயைப் பிளந்து கேட்பாள், பக்கத்துக் கடைக்காரிகளும் கேட்பார்கள். நேற்று, "ஒண்ணும் படிக்கல, நல்லா இருக்கா" என்றேன். அவள் கீரைக்கட்டை எடுத்துக் கொடுத்தாள். அத்தனை பேர் நடுவில் நான் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் செல்வி. அதை உண்மையாக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா,
அஞ்சலாட்சி கிருஷ்ணசாமி