எமலோகத்துப் பதிவேடு

ஆனி 9, செவ்வாய்

காலையிலிருந்து மேல்காற்று. சாரல். மலை தெரியவில்லை. கடையில் வெல்லம் நனைந்து அப்பாவிடம் ஏச்சு.

நாடகத்துக்கு இன்னும் வேண்டியவை: எமனுக்கு மீசை. கயிறு. படுதாவுக்கு இரண்டு வேட்டி. எருமை (மாயாண்டி பொறுப்பு, முட்டாது என்கிறான்).

ஞாயிறு மதியம், களத்தில். பகலில் நாடகமா என்று ஊரே சிரிக்கிறது. வேறு வழி? மாயாண்டி தெருவில் பதினாறு தாண்டிய ஆண்கள் எல்லாம் ஸ்டேஷன் பதிவேட்டில் பெருவிரல் ரேகை வைத்தவர்கள். திருடினாலும் திருடாவிட்டாலும், இருட்டினால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். அவர்கள் சாதிக்கென்று வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. அண்ணன்மார் பார்க்காமல் தம்பிமார் ஆடி என்ன பயன்?

உயிர்களாக வருகிறவர்கள் மாயாண்டியோடு சேர்த்து ஆறு பேர். பதினான்கு, பதினைந்து வயது. இன்னும் ரேகை வைக்காதவர்கள். எனக்குப் பதினேழு. எங்கள் தெருவுக்கு அந்தச் சட்டம் கிடையாது.

ஆனி 11, வியாழன்

ஒத்திகை. எமன் முன் ஆறு உயிர்கள். சித்திரகுப்தன் (நான்) பெயர் கேட்டு, பதிவேட்டில் ரேகை வாங்குவான். யாரைக் கிண்டல் செய்கிறோம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஆறு பேரில் ஒச்சுவுக்குத்தான் வாயில் பெயரே வரவில்லை. அவன் அண்ணனைப் பிடித்துப் போய் ரேகை வாங்கிய நாளிலிருந்து, யார் அதட்டிக் கேட்டாலும் தொண்டை அடைத்துவிடும். "ஏலே, ஒம் பேருதானடா, என்ன களவாண்டதா?" என்றான் மாயாண்டி. எத்தனையோ தடவைக்குப் பிறகு, "காசி மகன் ஒச்சு!" களத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. அவனுக்கே சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனி 13, சனி

பதிவேடு தைத்தாயிற்று. ஒச்சு அண்ணனிடம் கேட்டு, அசலில் உள்ள அதே கட்டங்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, அங்க அடையாளம், ரேகை. மேடையில் எழுதினால் நேரமாகும் என்று முன்பே நிரப்பிவிட்டேன். அவரவர் சொந்தப் பெயர். வயது மட்டும் ஆறு பேருக்கும் பதினெட்டு. "பதினெட்டா? மீசை எங்கடா?" என்று எமன் கேட்க, ஊர் சிரிக்கும். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது. பெருமைதான்.

ஒச்சுவின் ஆத்தா வந்து பார்த்தாள். "மையத் தொட்டு வெளையாடாதீகய்யா." அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

ஆனி 14, ஞாயிறு

வெயில். காற்றில் படுதா பறந்து எருமை மிரண்டது. பண்ணைப்புரத்திலிருந்துகூட ஆட்கள். ஒச்சு கத்தியபோது அவன் அண்ணன் எழுந்து நின்று கைதட்டினான். ஆறு பெருவிரலும் நிஜ மையில்.

முன்வரிசையில் ஏட்டையா. எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. முடிந்ததும் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"யாரு எழுதுனது? முத்து முத்தா இருக்கே. இன்ஸ்பெக்டரய்யா பாக்கட்டும், எடுத்துட்டுப் போறேன்."

பாராட்டு என்றே நினைத்தேன். சரி என்று தலையாட்டினேன்.

ஆனி 16, செவ்வாய்

பதிவேடு திரும்பி வரவில்லை. ஸ்டேஷனுக்குப் போனேன். "அய்யா வச்சிருக்காக. பெறகு வா." வரும் வழியில் நல்ல சாரல்.

ஆனி 18, வியாழன்

தண்டோரா. சனிக்கிழமை முதல் ஸ்டேஷனில் படுக்க வேண்டியவர்கள் என்று ஆறு பெயர். நான் எழுதிய அதே வரிசை.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். "வயசு நாடகத்துக்காகக் கூட்டிப் போட்டதுங்கய்யா. ஒச்சுக்குப் பதினஞ்சுதான்."

"ரேகை அவன் ரேகைதான? தகப்பன் பேரு சரிதான?" என்றார் ஏட்டையா. "வயசு மட்டும் பொய்யாக்கும்?"

அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். தெருவில் ஒச்சுவின் ஆத்தா. என்னைப் பார்த்ததும் திரும்பி நடந்தாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

ஆனி 20, சனி

பொழுது சாயும்போது ஸ்டேஷனுக்கு எதிரே, புளியமரத்தடியில் நின்றேன். ஆறு பேரும் கக்கத்தில் பாயோடு வந்தார்கள். ஏட்டையா பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். என் பதிவேடு. மாயாண்டி தன் பெயரை முனகினான்.

ஒச்சுவின் முறை வந்தது. அவனுக்குத் தொண்டை அடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அடைக்கவில்லை. "காசி மகன் ஒச்சு!" களத்தில் பழகிய அதே சத்தம். உள்ளே யாரோ சிரித்தார்கள். அவன் குனிந்து உள்ளே போனான்.

என் பெயரை யாரும் கூப்பிடவில்லை.