வேலியில் தொங்கிய சிரட்டைகள்

ஆசை அண்ணை,

சந்தோஷமான செய்தி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் படத்தை நேற்று ஓட்டிவிட்டேன், அண்ணை! முழுப் படத்தையும், அந்தத் துண்டோடு சேர்த்து.

ஓம், அந்தத் துண்டு எரியவில்லை. நான் உங்களுக்குச் சொன்னது பொய்.

நினைவிருக்கிறதா? எங்கள் கூலியாட்கள் சங்கத்தின் தலைவர், பெரிய பொதுவுடைமைத் தோழர், தன் வீட்டில் சமபந்தி வைத்து உங்களைப் படம் பிடிக்கச் சொன்னார். எல்லாச் சாதியும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிட்டதைச் சிங்கப்பூர்க் கமராவில் பிடித்தீர்கள். பின்னால் குசினி வேலியில், கூலியாட்களுக்குப் பேணியில் கொடுக்காமல் தேத்தண்ணீர் ஊற்றும் தேங்காய்ச் சிரட்டைகள் தொங்கின. அவற்றைக் கழற்றி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் கண்ணில் படுகிற சாமான் அல்லவா? மூன்று தரம் போட்டுப் பார்த்தும் நானே கவனிக்கவில்லை. நீங்கள்தான் விரலை நீட்டிக் காட்டினீர்கள்.

தோழர்கள் அந்தத் துண்டை வெட்டச் சொன்னார்கள். சங்கத்தைக் காட்டிக்கொடுக்கிறீர் என்று உங்களோடு கதைப்பதையும் விட்டார்கள். நீங்கள் மசியவில்லை.

"வெள்ளைக்காரனைக் கேள்வி கேக்கலாம், எங்கடை வேலியைக் கேக்கக் கூடாதோ?" என்றீர்கள்.

பிறகு தலைவர் என்னிடம் வந்தார். படச்சுருளை ஒட்டுகிறவள் நான்தானே. சங்கம் உடைந்துபோகும் பிள்ளை என்று கெஞ்சினார். வெட்டினேன். படம் ஓட்டும் மெசினில் எரிந்துபோய்விட்டதென்று உங்களிடம் சொன்னேன். நீங்களோ என் கையைப் பிடித்து, விரல் சுட்டதா என்றுதான் கேட்டீர்கள். அடுத்த மாதமே நெருப்புக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நான் என்ன மனுஷி, அண்ணை?

துண்டை எறிய மனம் வரவில்லை. பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது. உங்கள் முதல் வருஷ ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு எடுத்து ஒட்டினேன்.

நேற்று அளவெட்டியில், ஒரு புகையிலைக் கொட்டிலின் இடுக்கெல்லாம் சாக்கால் மறைத்து, பட்டப்பகலில் ஓட்டினேன். உங்கள் வேட்டிதான் திரை. துண்டு எரிந்துபோனதென்று ஊருக்கே சொல்லியிருந்ததால் தலைவர் தைரியமாக முன்வரிசையில் இருந்தார். சிரட்டைகள் வந்ததும் அவர் தோட்டத்தில் வேலை செய்கிற சின்னான் எழும்பிப் போய்த் திரையைத் தொட்டார்.

"வரிசையிலை இருந்து சாப்பிடுறதும் நான்தான். உந்த மூண்டாவது சிரட்டையும் என்ரைதான்."

தலைவர் எழும்பிப் போய்விட்டார். மாலையே என்னைச் சங்கத்திலிருந்து விலக்கியதாகச் செய்தி வந்தது. ஆனால் சனம் விடவில்லை, அண்ணை! திரும்பப் போடு, திரும்பப் போடு என்று மூன்று தரம் ஓட்டவைத்தார்கள். அரியாலைக்குக் கொண்டுபோவோம் என்று சின்னான் மெசினைத் தானே வீடுவரை சுமந்து வந்தார். அவருக்குத் தேத்தண்ணீர் எடுக்கக் குசினிக்கு ஓடினேன்.

என் கை தானாக எங்கள் வேலிக்குப் போனது. அங்கேயும் இரண்டு தொங்கின.

அவருக்கு நீங்கள் குடிக்கிற பித்தளை மூக்குப்பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். சிரட்டைகளை இன்னும் கழற்றவில்லை. கமராவில் கொஞ்சச் சுருள் மிச்சம் இருக்கிறது. முதலில் எங்கள் வேலியைப் படம் பிடிப்பேன், பிறகுதான் கழற்றுவேன். அதையும் உங்கள் படத்தோடு ஒட்டித்தான் அரியாலையில் காட்டுவேன். இனி ஒரு துண்டும் வெட்டமாட்டேன்.

உங்கள் கையைப் பார்த்து ஒட்டப் பழகிய தங்கச்சி,
பூரணம்