வலப்பக்கச் சீட்டு

போடி
ஐப்பசி, 1978

என் சிலமலைக்காரிக்கு,

ஜீப்பு நலம். "அந்த ஜீப்பையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டுச் சிலமலைக்கு, அம்மா வீட்டுக்குப் போனவளுக்கு வேறு எதை எழுதுவது?

போன வார மழையில் முன்பக்கத்துப் பச்சை பெயின்ட் உரிந்து, அமெரிக்கப் பட்டாளத்து வெள்ளை நட்சத்திரம் மறுபடி தெரிகிறது. பர்மா சண்டையில் விமானங்களுக்குக் குண்டு இழுத்த வண்டி என்று நான் பெருமையடித்தபோது, "இப்ப ஏலக்கா மூட்டை இழுக்குது, பாவம்" என்றாயே.

அமெரிக்காக்காரன் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வைத்துவிட்டான். முன்னால் லாரி போனால், எதிரே வருவது எனக்குத் தெரியாது. வலப்பக்கம் இருந்து நீதான் தலையை நீட்டிப் பார்த்து, "ம், போகலாம்" என்பாய். அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை வளைவுகளில் முந்தியிருக்கிறேன்.

நேற்று மலையேறி மெட்டு வரைக்கும் ஒரு லோடு லாரியின் பின்னாலேயே ஊர்ந்தேன். லேட்டாகப் போனதற்கு ஏலத்தோட்டத்தில் நல்ல ஏச்சு.

மெக்கானிக் தவசி, "ஸ்டீயரிங்க வலப்பக்கம் மாத்திருவோம்ணே. பெறகு பக்கத்துல ஆளே தேவையில்ல" என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சிலமலை வழியாக மெட்டுக்குப் போவது சுற்றுத்தான். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போகிறேன்.

இப்படிக்கு,
இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவன்