சுவருக்கு வெளியே

சேசு மரி சூசை

வேலூர்,
12 அக்டோபர் 1934

ஆம்பூரில் தோல் ஷாப்புக் குமாஸ்தா ஸ்ரீ வேதாசலம் அவர்களுக்கு,

என் புருஷனைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைக்கச் சொன்னது நான்தான் என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். நாத்திகன் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று நான் சொன்னதாக வசனம்கூட உண்டாம். அப்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் தந்தி என் கைக்கு வந்தபோது காலை ஒன்பது மணி. காட்பாடியில் வண்டி மாறி ஆம்பூர் வந்து சேரும்போது நாலரை. மூன்று மணிக்கே மண் மூடியாயிற்று. நான் யாருக்கு உத்தரவு போட முடியும்?

உள்ளே எங்கள் இருவருக்கும் இடம் வாங்கி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். கோயில் பக்கம் போகாதவர் என்பதால் பங்குச் சாமியார் இடம் கொடுக்க மறுத்திருப்பார் என்று நினைத்து, அன்று சாயங்காலமே அவரிடம் போய்க் கேட்டேன். யாரும் தன்னிடம் வந்து கேட்கவே இல்லை என்கிறார். ஞானஸ்நானம் இல்லாதவர்களையும் தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் போடுகிற மண்ணில் அவரைக் கொண்டுபோய் வைத்தது நீங்கள். உங்கள் கூட்டங்களில் பேசும் கொள்கைக்காக ஒரு செத்த மனிதரைச் சாட்சி ஆக்கினீர்களா? இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபப்படுகிற சக்தி போய்விட்டது.

இப்போது ஒரே வழி இருக்கிறது. கடைசி நேரத்தில் அவர் சாமியாரைக் கேட்டார் என்றோ, சேசுவின் பெயரைச் சொன்னார் என்றோ, சிலுவை போட்டுக்கொள்ளக் கையையாவது எடுத்தார் என்றோ கூட இருந்தவர் எழுதிக் கையெழுத்திட்டால், பிஷப் மேற்றிராணியாருக்கு எழுதி அவரை உள்ளே மாற்ற உத்தரவு வாங்கலாம் என்று சாமியார் சொல்கிறார். கூட இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
சவுரியம்மாள்


ஆம்பூர்,
17 அக்டோபர் 1934

அன்புள்ள அண்ணியாருக்கு வேதாசலத்தின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் ‘ஸ்ரீ’ போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது வேண்டாம், ஆனால் நீங்கள் போட்டதால் வைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதம் இங்கே மழை ஜாஸ்தி. ஆவாரம்பட்டை நனைந்து, தோல் பதனிடும் குழிக்குப் போடப் பட்டை இல்லாமல் வேலை பாதியில் நிற்கிறது. தோலைத் தரம் பிரிக்க இன்னாசி அண்ணன் இருந்த இடத்தில் முதலாளி இரண்டு பேரைப் போட்டிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தும் அவர் ஒற்றைக் கையால் தடவிச் சொன்னதற்குச் சமம் இல்லை. நேற்று ஏழு நல்ல தோலைக் கழிவில் போட்டுவிட்டார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என்மேல் சொன்ன பழி இருக்கட்டும். நான் உயிர் என்று தனியாக ஒன்று இருப்பதாக நம்பாதவன். மூச்சு நின்றால் விளக்கு அணைந்த மாதிரி. அணைந்த வெளிச்சம் எங்கே போயிற்று என்று யாரும் தேடுவதில்லை. ஆகவே அவர் எந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். உங்களுக்கு அது ஒன்றல்ல என்பது எனக்குப் புரிகிறது.

இதனுடன் ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன். கீழே என் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. சாமியாருக்கு எந்த வாசகம் வேண்டுமோ அதை உங்கள் முத்தான எழுத்தில் மேலே எழுதிக்கொள்ளுங்கள். சேசுவைக் கூப்பிட்டார் என்று வேண்டுமானால் அப்படி. சிலுவை போட்டார் என்றால் அப்படி. பொய்ச்சாட்சிக்காக என்னைத் தண்டிக்க மேலே யாரும் இல்லை. ஒரு வயதான பெண் நிம்மதியாகத் தூங்குவாள் என்றால் எனக்கு இதில் நஷ்டம் ஏதும் இல்லை.

உங்கள்,
வேதாசலம்


சேசு மரி சூசை

வேலூர்,
22 அக்டோபர் 1934

வேதாசலம் அவர்களுக்கு,

உங்கள் வெற்றுத்தாளை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்தைக் கிழித்துவிடுங்கள். அப்படி ஒரு தாளை யாரிடமும் கொடுக்கக்கூடாது. குமாஸ்தா வேலை பார்க்கிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று நாள் அந்தத் தாள் என் மேசைமேல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு தடவை பேனாவில் மைகூடத் தொட்டேன். பக்கத்து வீட்டு மஹ்பூபி கஞ்சி கொண்டுவந்தவள் பார்த்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னாம்மா இது, இதுக்கா இவ்ளோ பேஜாரு? அந்தாளே கையெழுத்துப் போட்டுக் குட்த்துட்டாரு. நீ நாலு வரி எழுதிக்கினா வேலை முடிஞ்சிது.”

“மேல போய் அவரு என்னைக் கேட்டா இன்னாடி சொல்றது?” என்றேன்.

“மேல போயுமா சண்டை? அங்கியாச்சும் ரெண்டு பேரும் சும்மா கெடங்க.”

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஆனால் நான் சொன்னது நிஜம். உங்களுக்குப் பொய் சொல்வது சுலபம்; அதைத் திரும்ப எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே காட்ட ஆள் இல்லை என்கிறீர்கள். எனக்கு ஆள் இருக்கிறார். சர்வேசுரனைச் சொல்லவில்லை, அவர் இரங்குவார். என் புருஷனைச் சொல்கிறேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவார். நான் பூசைக்குப் போயிருக்கும்போது கறி வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் முக்காட்டை எடுப்பதற்குள், “இன்னா, உங்க ஆளு சௌக்கியமா?” என்பார். “உங்களைக் கேட்டார்” என்பேன். “அட்ரஸ் குடுக்காதே” என்பார். முப்பத்தெட்டு வருஷம் இதையே பேசினோம். அவர் என்னை ஜெயிக்கவில்லை, நான் அவரை ஜெயிக்கவில்லை. செத்த பிறகு அவர் வாயில் நான் வார்த்தை வைத்தால் அது ஜெயிப்பது ஆகாது. அப்படி உள்ளே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன?

கன்னியர் மடத்தில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அம்மா, மேல்பக்கத்தை எவ்வளவு அழகாகத் தைத்தாலும் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். பின்பக்கத்தில் ஒரு முடிச்சு தெரிந்தால் முழுவதையும் பிரிக்கச் சொல்வார். அன்று அழுதிருக்கிறேன். இப்போது எனக்கும் வேறு விதமாகத் தைக்கத் தெரியவில்லை.

அவர் சாமியாரைக் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். ஆனால் நீங்கள் நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவே இல்லை என்பதைக் கவனித்தேன். ஏன் வெளியே வைத்தீர்கள்?

சவுரியம்மாள்


ஆம்பூர்,
27 அக்டோபர் 1934

அன்புள்ள அண்ணியாருக்கு,

தாளைக் கிழித்துவிட்டேன். இதை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அண்ணன் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். ஊர் உங்கள்மேல் பழி போட்டதைக் கேட்டும் அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது தப்பு. வாக்கை மீறுகிறேன்.

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், புத்தி தெளிவாக இருக்கும்போதே, தன்னைச் சுவருக்கு வெளியே வைக்க வேண்டும் என்று அவரே சொன்னார். “அங்க சுண்ணாம்புக் குழிக் கல்லு ஒண்ணு நட்டிருக்குது. அது பக்கத்துல” என்றார். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் உங்கள் மகளைப் பற்றிச் சொன்னார். இருபது வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தை பிறந்து அன்றே போனது என்று எனக்குத் தெரியாது. ஷாப்பில் இருந்து அந்தக் கல்லைத் தானே தோளில் வைத்துக் கொண்டுபோய் நட்டாராம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தோலுன்னாகூட மூணு தபா தடவிப் பாத்துட்டுத்தான் நான் கழிவுல போடுவேன். எம் பொண்ண ஒரு தபாகூட தூக்கிப் பாக்கல கோயில்காரங்க. வெளிய போடுன்னுட்டாங்க. அன்னிக்கே எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு.”

என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் மாறினார் என்று இத்தனை வருஷம் கூட்டங்களில் பெருமையடித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

விடாமல் நான் ஒன்று கேட்டேன். “செத்தா ஒண்ணுமில்லன்னு ரெண்டு பேரும் பேசினோமே அண்ணே, அப்புறம் எங்க போட்டா இன்னா?” சிரித்தார். “ஒண்ணுமில்லன்னா எங்க போட்டாலும் ஒண்ணுதானே? அப்ப அங்கியே போடு. ஒருவேளை ஏதாச்சும் இருந்திச்சின்னா, பாப்பா தனியா இருக்கக்கூடாது பாரு.”

உங்களைப் பற்றியும் சொன்னார். “சவுரி மேல கோவம் இல்லப்பா. அவ தெரியாததத் தெரியும்னு சொல்லமாட்டா. அதுக்காகத்தான் அவளக் கட்டிக்கினேன். அதனாலயேதான் ஒரே வூட்ல இருக்க முடியாமப் போச்சு. அவகிட்ட இதச் சொல்லாத. மறுபடி அந்த நாளுக்குப் போயி உக்காந்துக்குவா.”

சாமியாரைக் கேட்கவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. கடைசியாகக் கேட்டது தண்ணீர்; இரண்டு மடக்குக் குடித்தார். இதுதான் நடந்தது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வேதாசலம்


சேசு மரி சூசை

வேலூர்,
3 நவம்பர் 1934

தம்பி வேதாசலத்துக்கு,

கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை.

என் முதல் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அன்று நாலரைக்கு வந்தவள் கல்லறைத் தோட்டத்தின் பின்வாசல்வரை வந்தேன். வெளியே இறங்கவில்லை. அவர் வெளியே கிடக்கிறார் என்ற அவமானத்தால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக அந்த வாசலை நான் தாண்டியதில்லை.

அவர் உங்களுக்கு முழுவதும் சொல்லியிருக்க மாட்டார். என்னைக் காப்பாற்றச் சொல்லாமல் விட்டிருப்பார். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை பிறந்து நீலமாகக் கிடந்தது. சாமியார் வர நேரமாகும் என்று மருத்துவச்சி ஆரோக்கியமேரி தானே தண்ணீர் ஊற்றி ஜெபம் சொன்னாள். ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். உயிர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாமியார் வந்தார். மருத்துவச்சி பயத்தில் ஒன்றும் பேசவில்லை. என்னைத்தான் கேட்டார்: “தண்ணி ஊத்தும்போது மூச்சு இருந்ததா அம்மா?” நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. “தெரியவில்லை, சுவாமி” என்றேன்.

வாசல் பக்கத்தில் இருந்து உங்கள் அண்ணன் என்னைப் பார்த்தார். “இருந்ததுன்னு சொல்லேன், சவுரி” என்றார். சாமியார் காதிலும் அது விழுந்தது. சாமியார்கூட ஒரு நிமிஷம் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் மறுபடியும் தெரியவில்லை என்றேன்.

அடுத்த மாதமே வேலூருக்கு வந்து பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்தேன். அவர் ஆம்பூரிலேயே இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவார். அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. சர்வேசுரன் இருக்கிறாரா இல்லையா என்று பேசினோம். அதைப் பேசுவது சுலபமாக இருந்தது.

நேற்று கல்லறைத் திருநாள். என் தாய் தகப்பனுக்கு ஆண்டுதோறும் இரண்டு மெழுகுவர்த்தி வாங்குவேன். நேற்று மஹ்பூபியை அனுப்பி நாலு வாங்கிவரச் சொன்னேன். கல்லறைக்கு நடக்க முடியவில்லை. ஜன்னலில் வைத்தேன், காற்றில் இரண்டு அணைந்துவிட்டன, மஹ்பூபி திரும்ப ஏற்றினாள்.

இன்று காலை சாமியாருக்கு எழுதிவிட்டேன். மேற்றிராணியாருக்கு எழுத வேண்டாம், அவரை மாற்ற வேண்டாம் என்று. உள்ளே வாங்கிய இரண்டு இடங்களையும் கோயிலுக்கே விட்டுவிடுகிறேன் என்றும், என்னை வெளியே வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். உள்ளே இடம் உள்ள ஒருத்தி வெளியே இடம் கேட்பது அவருக்குப் புதிதாக இருக்கும். சண்டை பிடிப்பார். எனக்கு அலுத்துவிட்டது; பிடிக்கட்டும்.

நான் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று உங்கள் கூட்டத்தில் பேசிவிடாதீர்கள். விடவில்லை. நாளைக்கும் பூசை கேட்பேன், நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனாலும். நான் செய்வது சரியா, மேலே போய் அவர்கள் இருவரையும் பார்ப்பேனா என்று என்னைக் கேட்டால், தெரியவில்லை என்றுதான் சொல்வேன். இந்தத் தடவை அதைச் சொல்லிக்கொண்டே அந்த வாசலைத் தாண்டுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் அவரை வைத்தது அந்தக் கல்லுக்கு வடக்கிலா தெற்கிலா? மற்ற பக்கம் காலியாக இருக்கிறதா? ஆள் மூலம் சொல்லியனுப்ப வேண்டாம். உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் அண்ணி,
சவுரியம்மாள்