பஸ் திருப்ப இடமில்லாத கரை

ஆகஸ்ட் 28

அன்பு மகள் போப்பிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே கிரீஸில் நானும் அம்மாவும் இந்த வயதுக்கு எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகமாக இருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். உன் கடிதம் கையில் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போனில் நீ ஒவ்வொரு தடவையும் முடிவு என்னப்பா என்று கேட்டதும் நான் லைன் சரியில்லை, லைன் சரியில்லை என்று வைத்ததும் உனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். லைன் நன்றாகத்தான் இருந்தது. அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் என்ன சொல்ல? அதனால்தான் இப்போது அவள் தூங்குகிற மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வீட்டைப் பூட்டிவிட்டு அக்டோபர் நாலாம் தேதி விமானத்தில் ஒரேயடியாகக் கிளம்பி வந்துவிடுங்கள் என்று நீ எழுதியிருந்ததை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், “கோடை முடியறதுக்குள்ள நானே கடல்ல இறங்கி நானே ஏறி வந்துட்டா இங்கயே இருக்கேன். முடியலன்னா அவ சொல்ற மாதிரி போயிடலாம். கடலை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இந்த ஊர்ல என்னால உக்காந்திருக்க முடியாது.” இவ்வளவுதான். நீ பிறந்த வருஷத்திலிருந்து அவள் ஒவ்வொரு கோடையும் எத்தனை முழுக்குப் போட்டாள் என்று சமையலறைக் காலண்டரில் கோடு கிழித்து வருகிறாள், ஒற்றைப்படையில்தான் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் எலும்பு வலிக்கும் என்பாள், அதெல்லாம் உனக்குத் தெரியாததா. போன வருஷம் அறுபத்தொன்று. இந்த வருஷம் ஜூனும் ஜூலையும் வெறும் தாளாகவே போயின. பிப்ரவரியில் காயப்போட்ட துணியை எடுக்கப்போய் ஈரப்படியில் விழுந்து இடுப்பில் கம்பி வைத்ததிலிருந்து கைத்தடிதான். ஆனால் கலமாத்தா பெரியாஸ்பத்திரி டாக்டர் கடலில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார், தரையில் நடப்பதைவிடத் தண்ணீரில் கால் அசைப்பது நல்லது என்றுகூடச் சொன்னார். ஆகவே தடை டாக்டரிடம் இல்லை, எந்தக் கரையில் இறங்குவது என்பதுதான் கேள்வி.

நம் வீட்டிலிருந்து சந்தில் இறங்கினால் இரண்டு நிமிஷத்தில் கோயிலடிக் கரை இருக்கிறதே, வேறெங்கே போக வேண்டும் என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே காலை ஏழு மணிக்கே வைக்கோல் தொப்பிகளைப் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்று ஊர்க்கதை பேசுகிற கூட்டம் உனக்கு நினைவிருக்கும், அம்மாதான் அதற்குத் தலைவி மாதிரி இருந்தாள். அந்தக் கரை முழுக்கக் கூழாங்கல், ஏறும்போது காலடியில் கல் உருளும், வயதான பெண்கள் சிலர் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பின்பக்கமாகவே தள்ளித்தள்ளிக் கரையேறுவார்கள். உன் அம்மா அவர்களுக்கு நண்டு என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் நம் பழைய ரொட்டிக்கடைக்கார மரிகோ முழங்கால் வலியோடு அப்படி ஏறியபோது, “நண்டு வருது, வழி விடுங்க” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்திருக்கிறாள். மரிகோவும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இப்போது தானே அங்கே போய்ப் பின்பக்கமாக ஏறுவதைவிட உன் ஊருக்கு வந்து ஆயுசைக் கழிப்பது மேல் என்று நினைக்கிறாள், அவள் பிடிவாதத்தை உனக்கு நான் சொல்ல வேண்டுமா, அதில் பாதி உன்னிடமே இருக்கிறது.

சரி, கரையா இல்லை என்று நானே பொறுப்பை எடுத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருஷம் இந்தக் கடலோர ரோட்டில் பஸ் ஓட்டியவன், இங்கிருந்து கலமாத்தா வரைக்கும் எனக்குத் தெரியாத கரை கிடையாது என்று ஜம்பமாகச் சொன்னேன். முதலில் செம்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சிமெண்டு மேடையும் இரும்பு ஏணியும் இருக்கின்றன, கல்லும் இல்லை மணலும் இல்லை, பிடித்துக்கொண்டு இறங்கலாம், கார் மேடை வரைக்கும் போகும். அம்மா காரிலிருந்தே எட்டிப் பார்த்தாள். ஏணியின் கடைசிப் படி தண்ணீருக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிட்டது. “உள்ள போக ஏணி இருக்கு, வெளிய வர கிரேன் சொல்லி வச்சிருக்கீங்களா” என்றாள். அப்படியே வண்டியைத் திருப்பினோம். அடுத்தது யூகலிப்டஸ் மரத்தடி, நல்ல நிழல், பஸ் நிறுத்தத்துக்கும் தண்ணீருக்கும் பத்தடி கூட இருக்காது. இந்தத் தடவை முதலில் நானே இறங்கிப் பார்க்கிறேன் என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன், நாலாவது அடியிலேயே பாறையில் ஒட்டியிருந்த கருப்பு முள்ளுருண்டைக் கடல்பூச்சி ஒன்றை மிதித்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அம்மா என் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டு ஆலிவ் எண்ணெய் தடவி ஊசியால் முள் எடுத்தாள். அப்போது அவள் கேட்ட கேள்வி இன்னும் குத்துகிறது. “இத்தனை வருஷமா ஜனங்களை பீச்சுக்குக் கொண்டுபோய் விட்டீங்களே, ஒரு நாளாவது ஒண்ணுல இறங்கியிருக்கீங்களா? உங்களுக்கு பஸ் திருப்புற இடம் தெரியும், தண்ணிக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியுமா?” தெரியாதுதான். ஒவ்வொரு கரையையும் ரோடு, வளைவு, திருப்பம், நிழல் என்றே மனசில் வைத்திருக்கிறேன். எனக்கு நீச்சலும் தெரியாது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

மூன்றாவதுதான் நீள மணல். அதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி, காலை எட்டு மணி, மேற்குக் காற்று எழும்பாத நேரம், தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. பஞ்சு மாதிரி மணல், கல் இல்லை, முள் இல்லை, இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அங்கே ஆழம் வருவதற்கு ஐம்பது அடிக்கு மேல் நடக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், நடந்தோம், இன்னும் முழங்கால் ஆழம்தான். அவளுக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. சொல்லாமல் நடந்தாள். கடைசியில் இடுப்பளவு வந்த இடத்தில் மணலில் ஒரு பள்ளம், நான்தான் முதலில் கால் வைத்தேன், அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். போப்பி, எனக்கு மேலே எது கீழே எது என்று தெரியவில்லை, செத்தோம் என்றே நினைத்தேன். என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது உன் அம்மா. தரையில் தடியில்லாமல் நிற்க முடியாதவள் தண்ணீரில் சாவகாசமாக மிதந்துகொண்டு ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவள் முகத்தைப் பார்த்தேன், ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். ஆனால் திரும்பி நடக்க அவளால் முடியவில்லை. கால் ஓய்ந்துவிட்டது. வெளிநாட்டு ஜோடி ஒன்று வந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கி, மணல் முழுக்கக் கடந்து, காரில் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்தார்கள். நல்லவர்கள், புன்னகையோடுதான் தூக்கினார்கள். அவர்கள் போனபிறகு அம்மா அழுதாள். வீடு வந்து சேர்கிற வரைக்கும் அழுதாள், பிறகு, “போப்பிக்கு எழுதிடுங்க. வர்றோம்னு எழுதிடுங்க” என்றாள்.

நான் எழுதவில்லை. தினமும் பேனாவை எடுப்பேன், வைப்பேன். பதினைந்தாம் தேதி மாதா திருநாளுக்குக்கூட அவள் கோயிலுக்கு இறங்கவில்லை, மாடியிலிருந்தே மணியோசையைக் கேட்டுக் கும்பிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. உன்னோடு வந்து இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், ஆனால் தோற்றுப்போய்க் கிளம்பி வருகிற அம்மாவை நீ வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? அதனால் பதினேழாம் தேதி காலையில் அவளுக்குத் தெரியாமல் அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு கோயிலடிக் கரைக்கு நானே போனேன். முட்டி வரை இறங்கி, தடியால் தட்டித்தட்டி, எங்கே சரிகிறது, எங்கே கல் பெரிசு என்று பார்த்தேன். தொப்பிக் கூட்டம் முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. “லாம்ப்ரோஸ் அண்ணே, இங்க பஸ் திருப்ப இடமில்லையே” என்று மரிகோ குரல் கொடுத்தாள், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம், ஆனால் தடியைக் கல்லில் ஊன்றிக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினேன். யாருக்காகத் தட்டிப் பார்க்கிறேன், நீள மணலில் என்ன ஆனது, அக்டோபரில் என்ன ஆகப்போகிறது என்று தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மரிகோ தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், வீணாக வாயைத் திறந்தோமே என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டுகிறார்கள். மரிகோதான், நனைந்தாலும் கழலாத ரப்பர் செருப்பு ஒரு ஜோடியும் ஒரு வைக்கோல் தொப்பியும் கையில். இரண்டு வருஷம் பேசாதவள் நேராக உள்ளே வந்து அம்மா முன்னால் நின்றாள். “ஏண்டி அர்கிரோ, நண்டுக் கூட்டத்துல ஒரு இடம் காலியா இருக்கு. வர்றியா, இல்ல கங்காரு பாக்கப் போறியா?” அம்மா எட்டி அந்தச் செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நான் அடுப்பில் காபி பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன். பிறகு அம்மா, “செருப்பு என்ன சைஸு” என்று கேட்டாள்.

அந்தக் கரையில் நமக்கு வேண்டியதெல்லாம் இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. கல் கரை சட்டென்று சரிகிறது, மூன்றே அடி, மார்பளவு வந்துவிடும், நடக்கவே வேண்டாம், அப்படியே சாய்ந்து படுத்துவிடலாம். ஏறுவதும் அப்படித்தான், முதுகைக் கரைக்குக் காட்டி உட்கார வேண்டும், அலை வந்து தூக்குகிறபோது நல்ல காலால் உந்த வேண்டும், நாலைந்து அலையில் காய்ந்த கல்லுக்கு வந்துவிடலாம், பிறகு அங்கே வைத்த தடியை ஊன்றி எழுந்துகொள்ளலாம். அப்படி உட்காரலாமா என்று முன்கூட்டியே டாக்டருக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன், மெதுவாக உட்காரட்டும் என்றார், நீ பயப்படாதே. முதல் நாள் அம்மா அரைமணி நேரம் தண்ணீரிலேயே இருந்தாள், வெளியே வரப் பயந்துதான் இருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மரிகோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு இப்படிக் காலை வை, இப்படிக் கையை ஊன்று, இப்போ தள்ளு என்று சொல்லச்சொல்ல இருவரும் சேர்ந்து ஏறினார்கள். யாரும் சிரிக்கவில்லை. காய்ந்த கல்லுக்கு வந்து மூச்சு வாங்கியபிறகு அம்மாதான் சொன்னாள், “நண்டு வந்துடுச்சு, வழி விடுங்க.” அப்புறம்தான் கரையே சிரித்தது. மரிகோ சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், உப்புத் தண்ணீர் என்றாள்.

அன்றிலிருந்து இன்றுவரை பெரிய அலை அடித்த இரண்டு நாள் நீங்கலாகத் தினமும் போகிறாள், நீள மணலையும் சேர்த்து மொத்தம் பத்து முழுக்கு ஆகிவிட்டது. என்னையும் விடுவதில்லை, ஆனால் நான் இடுப்புக்கு மேல் போவதில்லை, அந்தக் கூட்டத்தில் நடக்கிற பேச்சு ஆண்பிள்ளை காதில் விழக்கூடியதும் இல்லை. ஆகவே என் பதிலை இப்போது எழுதுகிறேன்: அக்டோபர் நாலாம் தேதி டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடு. கோபித்துக்கொள்ளாதே, மகளே. இங்கே அக்டோபர் கடைசிவரை தண்ணீர் சூடாக இருக்கும், அவளை அதற்கு முன் கிளப்ப என்னால் ஆகாது, கிளப்பவும் எனக்கு மனசில்லை. ஆனால் பிப்ரவரியில் உங்கள் ஊரில் நல்ல கோடை என்கிறாயே, அப்போது இரண்டு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகிறோம், தங்குவதற்கு இல்லை, உங்களைப் பார்ப்பதற்கு. சின்னவனுக்கு அவள்தான் நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டுமாம், அதுவரை வேறு யாரிடமும் விடாதே என்று சொல்லச் சொன்னாள். அவன் காதில் தண்ணீர் போனால் கவனமாகத் துடை, நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே. மேற்குப் பக்கத்து அத்தி இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, காயவைத்து அனுப்புகிறேன், மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. நாங்கள் வருவதற்குள் அங்கே உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரை பார்த்து வை. கல்லா மணலா, எத்தனை அடியில் மார்பளவு வருகிறது, பள்ளம் உண்டா, உட்கார்ந்து ஏற இடம் இருக்கிறதா என்று எழுது. ரோட்டில் நின்று பார்த்துவிட்டு எழுதாதே, இறங்கிப் பார்த்துவிட்டு எழுது. உங்கள் மூவரையும் மாதா காப்பாற்றட்டும், எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உங்களோடு இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
லாம்ப்ரோஸ்

போப்பி, அப்பா தூங்கும்போது எடுத்துப் படித்துவிட்டேன். அவர் எழுதியது தப்பு. பத்து இல்லை, ஒன்பது. நீள மணலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அன்றைக்கு என்னைத் தூக்கி வந்தார்கள். நாளைக்குத்தான் பத்து. பத்தில் நிறுத்தக் கூடாது என்பது உனக்குத் தெரியும்.
அம்மா